மறுமொழி: சவர் கிரீமுக்குத் தமிழ்ச்சொல் – ‘ஏட்டுத்தயிர்’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

மாட்டிறைச்சியைச் சவர் கிரீம் கலந்த குழம்பில் செய்கிற ரஷ்ய உணவு பீஃப் ஸ்ட்ரோகனாஃப். அதன் செய்முறையைத் தமிழில் எழுதுகிற நண்பர் சவர் கிரீமுக்கு, அதாவது புளிக்கவைத்த பாலேட்டுக்கு (கிரீமுக்கு), இந்த இழையில் ஒரு சொல் கேட்டார். நாலைந்து சொற்கள் வந்துவிட்டன. ஆனால் அந்தப் பொருள் சட்டியில் என்ன வேலை செய்கிறது என்று யாரும் எடுத்துப் பேசவில்லை. அதைப் பார்க்காமல் சொல் கட்டினால், அந்தச் சொல்லை நம்பிச் சமைக்கிறவருடைய குழம்பு கெட்டுப்போகும். என் முன்மொழிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாலேட்டுத்தயிர், சுருக்கமாக ஏட்டுத்தயிர்.

> ‘புளித்த பாலாடை’ என்றே எழுதலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் ஆளுக்கு ஒரு மாதிரி புரியும். காய்ச்சிய பாலின் மேல் படிகிற ஆடை பாலாடை. கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமும் பாலாடைதான். போதாததற்கு சீஸைப் பாலாடைக்கட்டி என்று எழுதிப் பழகிவிட்டதால், வேகமாகப் படிக்கிறவருக்குப் பாலாடை என்றதும் சீஸ்தான் நினைவுக்கு வருகிறது. ‘புளித்த’ இதைவிடச் சிக்கல். மாவு புளித்தால் நல்லது, சாம்பார் புளித்துப்போனால் கொட்ட வேண்டியதுதான், தயிர் புளித்தால் மோர்க்குழம்புக்கு ஒதுக்குவோம். காசு கொடுத்து வாங்கும் பொருளின் பெயரிலேயே அது இருந்தால் கெட்டுப்போனதோ என்ற சந்தேகம் வரத்தான் செய்யும். ‘சவர்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததால் வந்த வினை இது. ஸ்ட்ரோகனாஃபுக்குச் சொந்தக்காரர்களான ரஷ்யர்கள் சவர் கிரீமைப் புளிப்பை வைத்து அழைக்கவே இல்லை.

அவர்கள் சொல்வது ஸ்மெத்தானா. வழித்துச் சேர்ப்பது, ஒன்றாகக் கூட்டுவது என்ற பொருளுள்ள வினையோடு சேர்ந்த பெயர். பாலைக் கலயத்தில் அப்படியே விட்டுவிடுவார்கள், அது தானாகப் புளித்து மேலே ஏடு திரளும், அதை வழித்து எடுப்பார்கள், பழைய முறை அவ்வளவுதான். இப்போது எந்திரத்தில் பாலேட்டைப் பிரித்து, அதில் உறை சேர்த்துப் புளிக்கவிடுகிறார்கள். ரஷ்யக் கடையில் டப்பாவின் மேல் 10, 15, 20, 25, 30 என்று கொழுப்புச் சதவீதம் போட்டிருக்கும். சமைக்கிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

இதே செய்கை நம் வீடுகளிலும் இருக்கிறது. தினமும் பால் காய்ச்சியதும் மேலே படிகிற ஆடையை எடுத்து ஃபிரிட்ஜில் ஒரு கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டே வந்து, ஒரு கரண்டி தயிர் விட்டு வைத்து, நிறைந்ததும் கடைந்து வெண்ணெய் எடுக்கிறோம் அல்லவா? கடைவதற்கு முன்னால் அந்தக் கிண்ணத்தில் இருப்பது ஸ்மெத்தானாவுக்கு நெருங்கிய உறவு. முழுக்க அதேதான் என்று சொல்ல மாட்டேன், காய்ச்சிய பாலின் ஆடையில் புரதமும் தோலாகத் திரண்டு கலந்திருக்கும், காய்ச்சாமல் பிரித்த பாலேட்டில் அந்தத் தோல் கிடையாது. ஆனால் செய்கை ஒன்றே: பாலில் உறை விட்டால் தயிர், பாலேட்டில் உறை விட்டால் அதன் தயிர். ஆகவே பாலேட்டுத்தயிர். புதிதாக எதையும் இட்டுக்கட்டவில்லை, வீட்டில் புழங்குகிற இரண்டு சொற்களைச் சேர்த்திருக்கிறேன்.

> தயிர் என்று முடிந்தால் சமைக்கிறவர் சாதாரணத் தயிரையே ஊற்றிவிட மாட்டாரா?

இழையில் ஓர் அம்மா எழுப்பிய இந்தக் கேள்விதான் இழையிலேயே முக்கியமானது. சமையலுக்குள் போய்த்தான் பதில் சொல்ல முடியும்.

ஸ்ட்ரோகனாஃபுக்கு அரைக் கிலோ மாட்டிறைச்சி, கறிக்கடையில் அண்டர்கட் என்று கேட்டால் கொடுப்பார்கள். நாருக்குக் குறுக்காக, சுண்டுவிரல் அளவுக்கு நறுக்கி, ஈரம் போகத் துணியால் ஒற்றி, நன்றாகக் காய்ந்த சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒரு நிமிடம் ஒன்றரை நிமிடத்தில் வெளியே எடுத்துவிட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் சட்டியின் சூடு இறங்கி, கறி நீர் விட்டு, வறுபடாமல் வெந்துபோகும். அப்புறம் அதே சட்டியில் வெண்ணெய், வெங்காயம், காளான். காளான் விட்ட தண்ணீர் வற்றியதும் ஒரு மேசைக்கரண்டி மைதா தூவிப் பச்சை வாசனை போகக் கிளறி, ஒரு கப் எலும்புச் சாறு ஊற்றி, அடியில் பழுப்பாகப் பிடித்திருப்பதையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டிக் கரைக்க வேண்டும். ருசியில் பாதி அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (இந்தச் சுரண்டிக் கரைப்பதற்கும் ஒரு சொல் வேண்டும். காந்தல் என்றால் கருகியது என்றாகிவிடும், தனி இழையில் பேசலாம்.) ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, உப்பு, மிளகு. சாறு கெட்டியானதும் அடுப்பை நன்றாகக் குறைத்து 200 கிராம் ஸ்மெத்தானாவைக் கலந்து, எடுத்துவைத்த கறியைத் திரும்பப் போட்டு, சூடு ஏறியதும் கொதிவருமுன் இறக்கிவிட வேண்டும்.

கடைசியில் சொன்ன அந்த இரண்டு நிமிடத்தில்தான் பெயரின் பிரச்சினை வருகிறது. பால் தயிரில் கொழுப்பு 3, 4 சதவீதம்தான், புரதமும் ஏறக்குறைய அதே அளவு இருக்கும். சூடு பட்டதும் அந்தப் புரதம் சுருங்கித் தண்ணீரை வெளியே தள்ளும், குழம்பு திரிந்துபோகும். ஸ்மெத்தானாவில் கொழுப்பு 20, 25 என்று இருக்கிறது, புரதம் அதைவிடக் குறைவு. கொழுப்பு நடுவில் புகுந்து புரதத்தை ஒன்றோடொன்று ஒட்டவிடாது, மைதாவின் மாவுச்சத்தும் தாங்கிப் பிடிக்கும். மோர்க்குழம்புக்கு அரிசியும் துவரம்பருப்பும் அரைத்துவிட்டு, நுரை கட்டி வரும்போதே இறக்குகிறோமே, அதே காரணம்தான். ஆகவே சமைக்கிறவருக்குத் தெரிய வேண்டிய முதல் செய்தி கொழுப்பு. புளிப்பு அதற்கு அடுத்ததுதான். ‘ஏடு’ என்ற சொல் முன்னால் நிற்பதால் அந்தச் செய்தி பெயரிலேயே வந்துவிடுகிறது. ‘புளித்த பாலாடை’ புளிப்பை முன்னால் தள்ளுகிறது, அதைப் படித்துவிட்டுப் புளித்த தயிரை எடுத்து ஊற்றுகிறவரைக் குறை சொல்ல முடியாது.

> ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.’ ஏட்டுத்தயிர் மட்டும் உதவுமா?

இந்த ஏடு ஓலைச்சுவடி ஏடு அல்ல என்பது கேட்டவருக்கும் தெரியும். ஆனாலும் எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது, முதல் முறை பார்க்கிறவருக்குப் பழமொழிதான் காதில் விழும். அதனால்தான் முழு வடிவமாகப் பாலேட்டுத்தயிர் என்று வைத்தேன். பாலேடு என்றதும் யாரும் ஓலையை நினைப்பதில்லை. செய்முறையின் பொருள்பட்டியலில் முழுச்சொல், அதன்பிறகு கீழே வருமிடமெல்லாம் ஏட்டுத்தயிர்.

‘உறையேடு’ என்று இன்னொரு நண்பர் சொன்னது கேட்க நன்றாக இருக்கிறது, அதற்கு என் அரை வாக்கு உண்டு. ஆனால் உறை என்றால் கடித உறை, தலையணை உறை, உறைபனி என்று மனம் நாலு பக்கம் ஓடும், குளிர்பதனப் பொருளோடு சேர்த்து எழுதினால் உறையவைத்த ஏடு என்றே படிப்பார்கள். ‘ஆடைத்தயிர்’ ஏற்கெனவே ஆடை கட்டிய தயிரைக் குறிக்கிறது, அதைப் பிடுங்க வேண்டாம்.

ஸ்மெத்தானா என்றே வைத்துக்கொள்ளலாம் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ரஷ்யச் சமையல் வரலாறு எழுதும்போது அதுதான் சரி. ரஷ்யச் சமையல் நூலாசிரியர் எலேனா மொலொஹோவெத்ஸின் நூல் 1861-ல் முதலில் வந்தது. 1871 பதிப்பில்தான் கடுகு சேர்த்த ஸ்ட்ரோகனாஃப் மாட்டிறைச்சி இருக்கிறது. அதில் கறி துண்டுதுண்டாக வெட்டியது, வெங்காயமும் இல்லை காளானும் இல்லை, ஸ்மெத்தானாகூடக் கடைசியில் கொஞ்சம்தான். 1912-ல் வந்த ஒரு செய்முறையில் வெங்காயமும் தக்காளி விழுதும் சேர்ந்து, பொரித்த உருளைக்கிழங்குக் குச்சிகள் பக்கத்தில் வந்துவிட்டன. இந்த வரலாற்றைச் சொல்கிற இடத்தில் ஏட்டுத்தயிர் என்று போட்டால் ஊர் மணம் போய்விடும். நான் பேசுவது வீட்டில் செய்கிறவருக்கான குறிப்பு பற்றி.

வீட்டில் செய்கிறவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. எல்லா ஊர்க் கடையிலும் சவர் கிரீம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை. ஆனால் 25 சதவீதக் கொழுப்புள்ள பெட்டி கிரீம் கிடைக்கும். அதை வெதுவெதுப்பாக்கி, இரண்டு கரண்டி தயிர் கலந்து, இரவு மூடிவைத்துவிட்டுக் காலையில் ஃபிரிட்ஜில் வைத்தால் கரண்டியில் நிற்கிற அளவுக்குக் கெட்டியாகும். ‘பாலேட்டுத்தயிர்’ என்ற பெயரே இந்த வழியைச் சொல்லிவிடுகிறது, பாலேட்டை எடு, உறை விடு. இதைவிட ஒரு கலைச்சொல்லிடம் என்ன கேட்பது?

கிளைச்சொற்களையும் போட்டுப் பார்த்தேன். கொழுப்பு குறைந்தது இளைய ஏட்டுத்தயிர், கொழுப்பு மிகுந்தது கொழுமை ஏட்டுத்தயிர். பிரெஞ்சுக்காரர்களின் கிரெம் ஃப்ரெஷ் இதே குடும்பம்தான், புளிப்பு குறைவு, கொழுப்பு சுமார் 30, அதற்கு இளம்புளிப்பு ஏட்டுத்தயிர். ‘இளைய’ மட்டும் எனக்கே திருப்தி தரவில்லை, வயதைச் சொல்வது போல இருக்கிறது. மெல்லிய, நீர்த்த, குறைகொழுப்பு என்று எதுவும் சரியாக உட்காரவில்லை.

பதிவுக்கு இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்: பாலேட்டுத்தயிர் (பெயர்ச்சொல்) – பாலேட்டில் உறை விட்டுப் புளிக்கவைத்த கெட்டியான பால்பொருள், கொழுப்பு பெரும்பாலும் 10 முதல் 30 சதவீதம், சுருக்கம்: ஏட்டுத்தயிர், ரஷ்ய வழக்கு: ஸ்மெத்தானா.

எதிர்ப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். யாழ்ப்பாணத்திலும் மலேசியாவிலும் இருக்கிற நண்பர்கள் உங்கள் பக்கம் ‘ஏடு’ பாலுக்குப் புழக்கத்தில் இருக்கிறதா, ஆடை மட்டும்தானா என்று ஒரு வரி சொன்னால் நல்லது. ஆடைதான் அதிகம் என்றால் முதல் பகுதியை மறுபடி யோசிக்க வேண்டும்.

அன்புடன்.