நெடுந்தீவில் வேலை செய்த காலம்

யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் இருக்கும் நெடுந்தீவில், அரச அலுவலகமான பிரதேச செயலகத்தில் சில வருடங்கள் வேலை செய்தவன் நான். யாழ்ப்பாணத்தில் இருந்து அங்கே இடமாற்றம் என்றதும் கேட்டவர்கள் எல்லோரும் கடல் பயணத்தை நினைத்துத்தான் பரிதாபப்பட்டார்கள். ஆனால் அங்கே அலுவலக வேலையில் பாதி படகைப் பற்றியதாகவும், மீதி குடிதண்ணீரைப் பற்றியதாகவும் இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை வரைதான் பஸ். அங்கிருந்து படகில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். குமுதினிப் படகில் ஏறினால் வயதானவர்கள் சிலர் பேசாமல் இருப்பார்கள். 1985 மே 15 அன்று அந்தப் படகில் வைத்துத்தான் ஊர்ச்சனங்கள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் கடல் எப்போது விடும், எப்போது மறிக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு சோளக நாளில் வயதான அம்மா ஒருவர் வந்தார். காணிப் பத்திரத்தைப் பொலித்தீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றி, ரப்பர் பட்டி போட்டு, சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தார். "தம்பி, இண்டைக்கே அலுவலை முடிச்சுத் தா. காத்து இழுக்குது, நாளைக்குப் படகு ஓடுமோ தெரியாது" என்றார். அடுத்த நாள் அவர் யாழ்ப்பாணம் போயாக வேண்டும். வேறு ஊரில் "நாளைக்கு வாங்கோ" என்பது சாதாரணமான சொல். நெடுந்தீவில் அந்த "நாளைக்கு" அடுத்த கிழமையாகவும் ஆகலாம். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டைப் பிறகு பார்ப்போம் என்று எல்லோருமாக அந்த வேலையை முடித்துக் கொடுத்தோம்.

தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர், முழுக்கச் சுண்ணக்கல். மழைத்தண்ணீர் நிலத்தடியில் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் நிற்கும். ஆழமாகத் தோண்டினாலோ அளவுக்கு மிஞ்சி இறைத்தாலோ உப்புத்தான் வரும். சாராப்பிட்டிப் பக்கத்துக் கிணறுகளை ஊரே அப்படிப் பொத்திப் பார்ப்பது அதனால்தான். கோடையில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி இன்றைக்கு எந்தப் பக்கம் என்பதுதான் காலையில் முதல் பேச்சு. நான் இருந்த காலத்தில் மின்சாரமும் தீவிலேயே ஜெனரேட்டர் போட்டு எடுத்ததுதான். அதற்கான டீசலும் கடல் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது.

அப்புறம், குதிரைகள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த மட்டக் குதிரைகள் வெளிகளில் தாமாகத் திரிகின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்கா ஆனது. ஆக, பூங்கா நிலம் வனசீவராசிகள் திணைக்களத்துடையது, ஊர் வீதி பிரதேச சபையுடையது, அரச காணி அலுவல்கள் பிரதேச செயலகத்துடையது. குதிரைக்கு இந்த எல்லை எதுவும் தெரியாது. வறட்சியில் அவை தண்ணீர் தேடி வீட்டு வாசலுக்கே வந்துவிடும். பார்த்துக்கொண்டிருக்க மனம் கேட்காத சனங்கள், தங்களுக்கே தட்டுப்பாடான நேரத்திலும் வாளியில் ஊற்றி வைப்பார்கள். தொட்டி நிரப்புவது யார் பொறுப்பு என்று கூட்டத்தில் பேசி முடிப்பதற்குள் அந்த வாளி காலியாகிவிடும். இந்த மூன்று தரப்பும் கோடை தொடங்க முன்னமே ஒருமுறை சேர்ந்து இருந்து பேசினால் போதும் என்பது இன்றைக்கும் என் எண்ணம்.

கச்சதீவும் எங்கள் பிரிவுக்குள்தான். ஆளே குடியில்லாத அந்தத் தீவில் அந்தோனியார் திருவிழா நெருங்கினால் தண்ணீர், மலசலகூடம், படகு ஒழுங்கு என்று செயலகத்தில் ஒருவருக்கும் ஓய்வு இராது.

இப்போது அங்கே இடமாற்றம் கிடைத்தவர்கள் இருந்தால் ஒரு யோசனை. தீவில் ஆறு கிராம அலுவலர் பிரிவுகள். போன முதல் கிழமையிலேயே ஒவ்வொரு கிராம அலுவலரோடும் சைக்கிளில் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். சாந்து பூசாமல் கல்லுக்கு மேல் கல் அடுக்கிய வேலிகள்தான் அங்கே காணி எல்லை. எந்த வேலி பழையது, எது பிறகு தள்ளிக் கட்டியது என்று அவர்கள் வாயால் கேட்டுக் குறித்து வையுங்கள். காணிப் பிணக்கு மேசைக்கு வரும்போது வரைபடத்தோடு அந்தக் குறிப்பும் கையில் இருக்கவேண்டும்.