மடக்குக் கயாக் ஓட்டியவர்கள், பார்த்தவர்கள், சுமந்தவர்கள்: அனுபவப் பகிர்வு

கரைவாசி:

பிரித்து மூட்டையாகக் கட்டிச் சுமக்கக்கூடிய துடுப்புப் படகான மடக்குக் கயாக்கைப் பற்றித் தனி இழை வேண்டும் என்று பலர் கேட்டுவிட்டார்கள். சரி, தொடங்கிவிடலாம். விளம்பரத்தில் இருப்பதை இங்கே திரும்ப எழுத வேண்டாம். நீங்கள் ஓட்டியது, பார்த்தது, தோளில் சுமந்தது எதுவானாலும் எழுதுங்கள்.

நான் முதலில் பார்த்தது ஓர் ஏரிக்கரையில். வயதான தம்பதி, ஆளுக்கொரு மூட்டை. கூடாரம் அடிக்க வந்தவர்கள் என்றுதான் நினைத்தேன். அவர் மரச் சட்டங்களை நீளவாக்கில் அடுக்கினார், அந்த அம்மா நீலத் துணியை விரித்து உள்ளே ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. யார் எதை எடுத்துக் கொடுப்பது, எப்போது பிடித்துக்கொள்வது எல்லாம் கைக்குப் பழகியிருந்தது. அரை மணி நேரத்துக்குள் ஐந்து மீட்டருக்கும் மேல் நீளமான இருவர் படகு தண்ணீரில் இருந்தது. கரையில் மிச்சம் இருந்தவை இரண்டு காலிப் பைகள், அவற்றையும் சுருட்டிப் படகுக்குள்ளேயே செருகிக்கொண்டு போய்விட்டார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

தோணிக்காரர்:

தம்பி, நீங்கள் பார்த்தது கிளெப்பர் நிறுவனத்தின் ‘ஏரியஸ் 2’ மாடலாக இருக்கலாம். என்னிடம் இருப்பது அதுதான். ஆஷ் மரச் சட்டங்கள், படகின் குறுக்கே நிற்கும், பிர்ச் ஒட்டுப்பலகையில் வெட்டிய விலாக்கள். விலா ஒவ்வொன்றிலும் எண் இருக்கும், அதனால் குழப்பம் வராது.

பூட்டுவதில் எனக்குப் பிடித்த கட்டம் ஒன்று உண்டு. சட்டகத்தின் முன்பாதியைத் தோலுக்குள், அதாவது படகின் வெளியுறைக்குள், முன்பக்கமாகத் தள்ளுவோம், பின்பாதியைப் பின்பக்கமாக. இரண்டும் நடுவில் சந்திக்கும் இடத்தில் அடிப்பலகை கூரை மாதிரி மேலே தூக்கி நிற்கும். அதைக் கொக்கியில் மாட்டி, உள்ளங்கையால் கீழே அமுக்க வேண்டும். ‘டக்’ என்று உட்காரும்போது, அதுவரை தொளதொளவென்று கிடந்த தோல் முனைக்கு முனை விறைத்துவிடும். அப்புறம் நடு விலாக்களை நிறுத்தி, இரண்டு பக்க விளிம்பிலும் ஓடும் காற்றுக் குழாய்களை வாயால் ஊதினால், இருந்த கொஞ்சநஞ்சச் சுருக்கமும் போய்விடும். அந்தக் காற்றுக் குழாய்தான் இந்தப் படகைக் கவிழ்ப்பதைச் சிரமமாக்குகிறது.

மேல்தளம் பருத்தித் துணி. நனைந்தால் நூல் ஊதி, தானே நீர் புகாமல் அடைத்துக்கொள்ளும். முதல் சில நிமிடம் மடியில் சொட்டினால் பயப்படாதீர்கள்.

வரலாறும் கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். தோலும் சட்டகமும் என்ற வித்தை ஆர்க்டிக் மக்களுடையது. கரையொதுங்கிய மரத்தில் சட்டகம், அதன்மேல் சீல் தோல். அதைப் பிரித்து மூட்டை கட்டலாம் என்ற யோசனையை 1905-ல் செய்து காட்டியவர் ஆல்ஃபிரட் ஹொய்ரிஷ், மியூனிக்கில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த மாணவர். மூங்கிலும் பாய்த்துணியும் கொண்டு கட்டி, இசார் ஆற்றில் பாட் டோல்ஸிலிருந்து மியூனிக் வரை வந்தார். 1907-ல் உரிமையை வாங்கியவர் ரோசன்ஹைம் ஊர்த் தையல்காரர் யோஹான் கிளெப்பர். படகு கட்டுகிறவர் வாங்கவில்லை, தையல்காரர் வாங்கினார் பாருங்கள்! மடக்குப் படகில் உயிர்நிலை தையல்தான், சட்டகம் இரண்டாம் பட்சம். என்னைக் கேட்டால் இந்தப் படகு பிழைத்ததற்கே பாதிக் காரணம் அதுதான்.

மீதிப் பாதி ரயில். ஆறு ஒரே பக்கம்தான் ஓடும். மடக்க முடியாத கட்டைப் படகில் போனால், போன தூரத்தை எதிர்நீச்சலில் திரும்ப வேண்டும், இல்லையென்றால் வண்டி பிடிக்க வேண்டும். மூட்டைப் படகுக்கு அந்தத் தொல்லை இல்லை. ரயிலில் மலையடிவாரம் வரை போய் இறங்கு, ஆற்றோடு கீழே வா, அங்கே இருக்கும் நிலையத்தில் மடித்து ரயில் ஏறு. 1920-களில் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் வார இறுதி ரயில்களில் இந்த மூட்டைகள்தான். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் மடக்குப் படகுக்கென்றே தனிப் பந்தயம் வைக்கும் அளவுக்குப் போனது, பத்தாயிரம் மீட்டர். அதற்குப் பிறகு வைக்கவே இல்லை.

அருவி:

தோணிக்காரர் ஐயா சொன்ன அதே ஏரியஸை மியூனிக் டாய்ச்செஸ் மியூசியத்தில் பார்த்திருக்கிறேன். ஹான்னஸ் லிண்டெமன் என்ற மருத்துவர் 1956-ல் அட்லாண்டிக்கைக் கடந்த படகு. கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கிளம்பி 72 நாளில் கரீபியனில் செயின்ட் மார்ட்டின் தீவு. பக்கத்தில் நின்று பார்த்தால் படகின் அகலம் என் இடுப்பை விடக் கொஞ்சம்தான் அதிகம். அதில் உட்கார்ந்தபடியே தூங்கி, உட்கார்ந்தபடியே சாப்பிட்டு, இரண்டு மாதத்துக்கு மேல். கடைசிக் கட்டத்தில் இரண்டு முறை கவிழ்ந்து, ஓர் இரவு முழுக்கக் கவிழ்ந்த படகின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். கிளம்புவதற்கு முன் மாதக்கணக்கில் ‘முடியும், மேற்கே போ’ என்ற மாதிரி தனக்குத்தானே சொல்லி மனதைப் பழக்கிக்கொண்டாராம். மன உறுதியைச் சோதிப்பதுதான் அந்தப் பயணத்தின் நோக்கமே. 1957-ல் லைஃப் இதழ் அவரை அட்டையில் போட்டது.

அவருக்கு முன்னோடி ஃபிரான்ஸ் ரோமர். 1928-ல் கேனரித் தீவுகளிலிருந்து கரீபியனின் செயின்ட் தாமஸ் தீவு வரை, 58 நாளில், அதுவும் கிளெப்பர் செய்த மடக்குப் படகுதான். அமெரிக்கக் கரைக்குப் போகிறேன் என்று மறுபடி கிளம்பியவர் சூறாவளிக் காலத்தில் காணாமல் போய்விட்டார்.

ஆனால் என் மனதில் நிற்பவர் ஆஸ்கர் ஸ்பெக். 1932-ல் வேலை இல்லை, சைப்ரஸ் சுரங்கத்தில் வேலை கிடைக்கும் என்று உல்ம் நகரில் டான்யூபில் இறங்கினார். நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார். யூப்ரட்டீஸ், பாரசீக வளைகுடா, இந்தியக் கரை, இலங்கை, பர்மா, இந்தோனேசியத் தீவுகள், நியூகினி. தோல் தேய்ந்து, வழியில் படகையே மாற்ற வேண்டி வந்தது. 1939 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான சாய்பாய் தீவில் கரையேறினால், போர் தொடங்கிவிட்டது, இவர் ஜெர்மானியர். பிடித்து முகாமில் போட்டுவிட்டார்கள். ஏழு வருடம் துடுப்புப் போட்டவருக்கு இப்படி ஒரு வரவேற்பு.

கணக்குப்பிள்ளை:

எல்லாம் சரி. ஆனால் ஒரே விலைக்குக் கட்டைப் பிளாஸ்டிக் கயாக் இரண்டு வாங்கலாம். வேகமும் அதிகம், பாறையில் உரசினாலும் கவலை இல்லை. ஒரு மணி நேரம் ஓட்ட, அரை மணி நேரம் பூட்டி அரை மணி நேரம் பிரிக்கிறீர்கள். எனக்கு இது பிடிபடவில்லை.

ஏழாவதுமாடி:

கணக்குப்பிள்ளை அண்ணே, உங்களுக்குக் கார் இருக்கிறது, காரின் கூரையில் படகுத் தாங்கி இருக்கிறது, படகை வைக்க ஷெட் இருக்கிறது. எனக்கு மூன்றும் இல்லை. லிஃப்ட்டில் நுழையாத பொருளை நான் வாங்க முடியாது.

நான் வைத்திருப்பது ‘ஓரூ’ என்ற நிறுவனத்தின் மடக்குப் படகு. தோலும் இல்லை, சட்டகமும் இல்லை. நெளிவுள்ள பாலிபுரொப்பிலீன் தகடு ஒன்றே ஒன்று, அதில் கோடு கோடாக மடிப்பு. சான் ஃபிரான்சிஸ்கோவில் சின்ன வீட்டுக்குக் குடிபோனதால் கயாக்கை வைக்க இடமில்லாமல் தவித்த ஆன்டன் வில்லிஸ் என்ற கட்டடக் கலைஞர், காகித மடிப்புக் கலை பற்றிப் படித்துவிட்டுப் போட்ட திட்டம். 2012-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற தளத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டி வெளியே வந்தது. ஆக, முதல் மடக்குப் படகும் கட்டடக்கலைக்காரர் கையில், இதுவும் கட்டடக்கலைக்காரர் கையில்.

சின்ன மாடல் 9 கிலோ அளவுதான். மடித்தால் பெட்டி, அதற்கே தோள்பட்டை. பேருந்தில் ஏறியிருக்கிறேன், நடத்துநர் ‘உள்ளே என்ன ஓவியமா’ என்று கேட்டார். புதிதில் தகடு முரண்டு பிடிக்கும், வெயிலில் கொஞ்ச நேரம் விரித்து வைத்தால் வழிக்கு வரும். காற்று வீசும் அகலமான ஏரியில் மட்டும் இது இலையாகத் திரும்பும், அதை மறைப்பானேன்.

தோணிக்காரர்:

ஏழாவது மாடித் தம்பி, உங்கள் பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடல் அலையில் தோல் படகு போகிற போக்கை ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். அலை அடியில் புகுந்து போகும்போது தரைப்பலகை தொடைக்குக் கீழே லேசாக நெளியும். படகு அலையோடு வளைந்து கொடுக்கிறது, அதனால் அறைதல் குறைவு, சத்தமும் குறைவு. பறவைகள் அவ்வளவு சீக்கிரம் கிளம்பாது. கணக்குப்பிள்ளை சொல்கிற வேகம் உண்மைதான், அங்கே நாங்கள் தோற்போம்.

பழங்கதை:

சத்தமில்லாத படகு என்றதும் ராணுவம் சும்மா இருக்குமா? 1943 செப்டம்பரில் கிரைட் என்ற பழைய ஜப்பானிய மீன்பிடிப் படகு ஆஸ்திரேலியாவிலிருந்து, அப்போது ஜப்பான் பிடித்து வைத்திருந்த சிங்கப்பூர் வரை நேச நாட்டு வீரர்களோடு போனது. அதிலிருந்து மூன்று மடக்குப் படகுகளில் ஆறு பேர் இரவோடு துறைமுகத்துக்குள் நுழைந்து, கப்பல்களின் அடியில் காந்தக் குண்டு ஒட்டிவிட்டுத் திரும்பினார்கள். ஆறு பேரும் உயிரோடு வந்தார்கள்.

அதற்கு முந்தைய டிசம்பரில், ஜெர்மனி பிடித்து வைத்திருந்த பிரான்சின் போர்தோ துறைமுகத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் நடத்திய தாக்குதல் அப்படி முடியவில்லை. அங்கே போனது வேறு வகை: மேலும் கீழும் பலகை, பக்கம் மட்டும் கான்வாஸ், அமுக்கினால் தட்டையாகும். நீர்மூழ்கியின் வாசல் வழியாக வெளியே எடுக்கும்போதே ஒன்று கிழிந்துவிட்டது. மிச்சம் ஐந்தில் போன பத்துப் பேரில் திரும்பியவர்கள் இருவர்.

போருக்குப் பிறகு இதற்கு எதிரி வேறு ரூபத்தில் வந்தது. ஃபைபர்கிளாஸ், அப்புறம் வீட்டுக்கொரு கார். கூரையில் கட்டிக்கொண்டு போக முடிந்தபின் மடிப்பானேன்? ஆனால் கார் எளிதில் கிடைக்காத கிழக்கு ஜெர்மனியில் மடக்குப் படகு நிலைத்து நின்றது. சிலர் அதிலேயே பால்டிக் கடல் வழியாக டென்மார்க் பக்கம் தப்பிக்கவும் பார்த்தார்கள்.

மணல்மேடு:

இப்போது மறுபடி உயிர் கொடுத்தது விமானமும் அடுக்குமாடியும்தான். நான் அலுமினியக் குழாய் வகை வைத்திருக்கிறேன். பல விமானங்களில் பெட்டிக்கு 23 கிலோ வரம்பு, என் படகு துடுப்போடு அதற்குள் அடங்கும். ஒருமுறை ஒரு விமான நிறுவனம் பையை எப்படி எறிந்ததோ, குழாய் ஒன்று வளைந்தே வந்து சேர்ந்தது. நஷ்டஈடு கேட்டால், ‘விளையாட்டுச் சாமானுக்குப் பொறுப்பில்லை’ என்று பதில். அன்றிலிருந்து குழாய்களைத் தோலுக்கு நடுவில் வைத்துச் சுற்றுகிறேன், துடுப்புத் தண்டை ஓரத்தில் வைப்பதில்லை.

உப்புநீரில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குழாய்க்குள் குழாய் நுழையும் இணைப்பில் உப்பும் மணலும் சேர்ந்தால் இறுகிவிடும், அப்புறம் யானை இழுத்தாலும் வராது. நல்ல தண்ணீரில் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்தே கழுவ வேண்டும், மேலே ஊற்றினால் போதாது.

புதுத்துடுப்பு:

படித்துப் படித்து ஆசை வந்துவிட்டது. பழைய மரச்சட்டகப் படகு ஒன்று விலைக்கு வருகிறது. பத்து வருடமாகப் பையிலேயே இருந்ததாம். எதைப் பார்க்க வேண்டும்? தோணிக்காரர் ஐயா சொன்னால் நன்றாக இருக்கும்.

தோணிக்காரர்:

முதலில் பையைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் பருத்தித் தளத்தின் தையலைக் கையால் இழுத்துப் பாருங்கள், நூல் பொடியானால் விட்டுவிடுங்கள். அடித்தோல் ரப்பரை மடித்த இடத்தில் நகத்தால் கீறுங்கள். வெடிப்பு மேலோடு நின்றால் ஒட்டுப் போடலாம், உள்ளே நெய்த துணி தெரிந்தால் தோலையே மாற்ற வேண்டும், அதன் விலையைக் கேட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள். மரம் கறுத்திருந்தால் பயமில்லை, தேய்த்து வார்னிஷ் அடிக்கலாம். ஒட்டுப்பலகை விலாவில் அடுக்கு பிரிந்திருக்கிறதா, அதைத்தான் விளிம்பில் பார்க்க வேண்டும். எல்லாப் பாகமும் இருக்கிறதா என்பதற்கு ஒரே வழி, விற்பவர் முன்னாலேயே முழுதாகப் பூட்டச் சொல்வது. ஃபோல்பாட், ஃபெதர்கிராஃப்ட் போன்ற மடக்குப் படகு நிறுவனங்கள் கடையை மூடிவிட்டன, அந்தப் படகுகளுக்கு ஒரு கொக்கி தொலைந்தாலும் தேடி அலைய வேண்டும்.

வாங்கினால், ஈரத்தோடு மட்டும் மடிக்காதீர்கள். மூலை முனைகளில் துணியைவிட்டுத் துடைத்து, நிழலில் இரண்டு நாள் கிடக்கட்டும்.

புதுத்துடுப்பு:

நன்றி ஐயா. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன். விலாக்களைப் படம் எடுத்துப் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

தோலின் விலையையும் சேர்த்துப் போடுங்கள். கூட்டிப் பார்க்க நான் இருக்கிறேன்.