புதுப்பிப்பு: ஜோகூர் லாமா கோட்டையும் கோத்தா திங்கி அருவியும் ஒரே நாளில்

மாமியார், இரண்டு பிள்ளைகளோடு, மலேசியாவின் ஜோகூரில் இருக்கும் இந்த இரண்டு இடமும் ஒரே நாளில் கட்டுப்படியாகுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி, போய் வந்துவிட்டோம்.

"வெயில் ஏறுமுன் கோட்டை, அப்புறம் அருவி" என்ற யோசனைதான் கைகொடுத்தது. விடியற்காலை 5 மணிக்கு சிங்கப்பூர் எல்லையின் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி. ஐந்து பேருக்கும் ஒரே கியூஆர் குறியீடு, நம் பக்கத்தில் கடப்பிதழை வெளியே எடுக்கவே இல்லை.

கோட்டை என்றதும் கல்சுவரை எதிர்பார்க்காதீர்கள். 1587இல் போர்ச்சுகீசியர் அழித்த ஜோகூர் சுல்தான்களின் தலைநகர் அது. கண்ணுக்குத் தெரிவது புல் மூடிய மண்கரைகள்தான். "இதுவா கோட்டை?" என்று உதட்டைப் பிதுக்கிய சின்னவன், மேலேறி ஜோகூர் ஆற்றைப் பார்த்ததும் பீரங்கிக்கு இடம் தேட ஆரம்பித்துவிட்டான்.

எதிர்பாராதது அருவியில். தலைக்கு மேல் நல்ல வெயில். ஆனால் தண்ணீர் திடீரென்று தேத்தண்ணி நிறத்துக்கு மாறி, சருகும் குச்சியும் மிதந்து வந்தன. பக்கத்திலிருந்த மலாய்க்கார அம்மா "கெப்பாலா ஆயர்!" என்று கத்தினார். மேலே மலையில் மழை பெய்தால் பாய்ந்து வரும் வெள்ளமாம். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கரையேறினோம். குளியல் அரைமணியோடு சரி. மாமியார் மட்டும் காலைக்கூட நனைக்காமல் நாசி லெமாக்கை (தேங்காய்ப்பால் சோறு) முடித்திருந்தார்.

திரும்பும்போது கடற்பாலத்தில் இரண்டரை மணி நேரம்.