மறு: தெக்கேல், பெரேஸ் – இந்த வாசிப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம். விவிலியத்தின் தானியேல் நூலில் சுவரெழுத்தைத் தானியேல் படிக்கும் முறைக்கு, அதாவது எழுத்தை மாற்றாமல் உயிரொலியை மட்டும் மாற்றிப் படிப்பதற்கு, தமிழில் ஒரு கலைச்சொல் தேடுகிறோம்.

> சிலேடை என்று அழகான சொல் இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு? சுவரில் "படி, படி, சேர்" என்று எழுதியிருந்தால் நமக்கும் அளவையாகவும் ஏவலாகவும் இரண்டு பொருள் வருமே!

எடுத்துக்காட்டு அபாரம். ஆனால் அதே எடுத்துக்காட்டுதான் சிலேடை இங்கே ஏன் போதாது என்றும் காட்டுகிறது. "படி" என்பதை எந்தப் பொருளில் எடுத்தாலும் வாயில் வரும் ஒலி ஒன்றுதான். தானியேல் செய்வது வேறு. எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒலியை மாற்றுகிறார்.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. தானியேல் நூலில் 2:4-இன் நடுவிலிருந்து 7-ஆம் அதிகாரம் முடிய அரமேய மொழி. ஐந்தாம் அதிகாரத்தில் பாபிலோன் அரசன் பெல்ஷாத்சார் விருந்து வைக்கிறான். எருசலேம் ஆலயத்திலிருந்து முன்பு ஆண்ட நேபுகாத்நேச்சார் கொண்டுவந்த பொன், வெள்ளிப் பாத்திரங்களில் திராட்சரசம் ஊற்றிக் குடிக்கிறார்கள். அப்போது ஒரு கை தோன்றிச் சுவரில் எழுதுகிறது: மெனே, மெனே, தெக்கேல், உப்பார்சின். ("உ" என்பது "உம்" என்ற இணைப்பு, அதை நீக்கினால் பார்சின், அதாவது பெரேஸின் பன்மை.)

இந்தச் சொற்கள் நிறைப்பெயர்கள், அதாவது எடையளவுகளின் பெயர்கள், என்று 1886-இல் பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன்-கானோ எழுதினார். மெனே என்றால் மினா. தெக்கேல் என்பது எபிரேயத்தில் சேக்கல்; எபிரேய "ஷ" வரும் சில சொற்களில் அரமேயத்தில் "த" வரும். பெரேஸ் என்றால் பாதி, அரை மினா. பாபிலோனியக் கணக்கில் ஒரு மினாவுக்கு 60 சேக்கல். பழைய அசீரிய நகரமான நிம்ருத்தில் தொல்லியலாளர் லேயார்டு தோண்டியெடுத்த வெண்கலச் சிங்க எடைக்கற்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றிலும் மினாக் கணக்கு பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆக அரசன் பார்த்தது கடைக்கணக்குப் போன்ற ஒரு வரி: ஒரு மினா, ஒரு மினா, ஒரு சேக்கல், அரைகள். இதற்கா அரசனின் முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதின என்று தோன்றும். அந்த வரி எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அந்த வரியைப் படித்துச் சொல்ல வரவழைக்கப்பட்ட தானியேல் நிறைப்பெயர்களை வினைகளாகப் படிக்கிறார். மெனே: கடவுள் உன் ஆட்சியை எண்ணிவிட்டார். தெக்கேல்: பழைய தமிழ் மொழிபெயர்ப்பின் சொற்களில், "நீ தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய்". பெரேஸ்: உன் அரசு பிரிக்கப்பட்டது. அதோடு நிற்கவில்லை. ப-ர-ஸ் என்ற அதே மூன்று மெய்களுக்கு வேறு உயிர் கொடுத்தால் பாரஸ், அதாவது பாரசீகம். ஒரே சொல்லில் தீர்ப்பும் வருகிறது, தீர்ப்பை நிறைவேற்றப் போகிறவர்களின் பெயரும் வருகிறது.

மனிதரை நிறைப்பெயரால் குறிப்பது யூதரிடம் வழக்கத்திலும் இருந்தது. தகப்பனைவிடச் சிறந்த மகனை "பெராஸின் மகன் மினா" (பெராஸ் என்பதும் அரை மினாதான்) என்று சொல்லும் வழக்கு யூதரின் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத்தில் வருகிறது. அதனால்தான் சிலர் சுவரெழுத்தையே அரசர்களின் வரிசையாகப் பார்க்கிறார்கள்: நேபுகாத்நேச்சார் மினா, பெல்ஷாத்சார் வெறும் சேக்கல், மேதியரும் பெர்சியரும் ஆளுக்கு அரை. எனக்கு இது கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது. ஆனாலும் "குறையக் காணப்பட்டாய்" என்பதோடு நன்றாகவே பொருந்துகிறது.

சரி, கலைச்சொல்லுக்கு வருவோம். அந்தக் காலத்து அரமேய எழுத்தில் பெரும்பாலும் மெய் மட்டுந்தான். உயிரொலிக்கான புள்ளிகளையும் கோடுகளையும் மசோரேத்தியர் என்ற யூத மறைநூல் அறிஞர்கள் சேர்த்தது கி.பி. 7 முதல் 10-ஆம் நூற்றாண்டுக்குள். அதுவரை உயிர் கொடுப்பது படிப்பவர் வேலை. நம் ஓலைச்சுவடியில் புள்ளியும் இல்லை, எகர ஏகார வேறுபாடும் இல்லை. "எரி" என்பதா "ஏரி" என்பதா என்று பதிப்பாசிரியர் தயங்கிய இடந்தான் இதற்கு நம்மிடம் உள்ள சரியான இணை, சிலேடை அல்ல.

> பாடபேதம் என்றே சொல்லலாமே?

கூடாது என்பேன். பாடபேதம் என்றால் ஏட்டுக்கு ஏடு எழுத்தே மாறியிருக்க வேண்டும். அப்படி ஒன்றும் இதே இடத்தில் உண்டு: தியோதோத்தியோனின் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இலத்தீன் மொழிபெயர்ப்பான வுல்காத்தாவிலும் மெனே ஒருமுறைதான், பார்சின் இல்லை, பெரேஸ்தான். அதைப் பாடபேதம் என்போம். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் அடிக்குறிப்பு எழுதும்போது திண்டாட வேண்டிவரும்.

இன்னொரு நண்பர் சொன்ன "மறு உயிர்ப்பு" கேட்க இனிமைதான். ஆனால் தமிழ்க் கத்தோலிக்கர் கையில் அது போனால் உயிர்ப்பு ஞாயிறு ஆகிவிடும்! "மெய்ப்பாடம்" என்ற பரிந்துரைக்கும் இதே கதைதான். மெய்யெழுத்தால் ஆன பாடம் என்று யாரும் எடுக்கமாட்டார்கள், உண்மையான பாடம் என்றுதான் எடுப்பார்கள். மறைநூல் பற்றிப் பேசும் இடத்தில் அந்தக் குழப்பம் ஆபத்து. கொஞ்சம் நீளமானாலும் "மெய்யெழுத்துப் பாடம்" இருக்கட்டும்.

என் பரிந்துரை: உயிர்பெயர்ப்பு. மொழிபெயர்ப்பு, ஒலிபெயர்ப்பு என்ற குடும்பத்தில் தானாக உட்காருகிறது. சொல்விளையாட்டுச் செய்யுளான சித்திரகவியில் ஒற்றுப்பெயர்த்தல் என்று ஒன்று ஏற்கெனவே இருப்பதால் காதுக்கும் புதிதல்ல. முக்கியமாக, வினையாகவும் வரும்: "பெரேஸைத் தானியேல் பாரஸ் என்று உயிர்பெயர்க்கிறார்." நடுவில் ப் போட வேண்டாம்; போட்டால் உயிர்ப் பெயர் என்று பிரித்துவிடுவார்கள்.

ஒரு வரம்பு சொல்லிவிடுகிறேன். தெக்கேல் விளக்கத்தில் தானியேல் உயிரை மாற்றுவதோடு விகுதியும் சேர்க்கிறார் (தெகில்த்தா, "நீ நிறுக்கப்பட்டாய்"). எனவே கறாராகப் பார்த்தால் பெரேஸ்–பாரஸ் மட்டுமே தூய உயிர்பெயர்ப்பு. தெக்கேலுக்கு "வேர்வழி வாசிப்பு" என்று தனியாகச் சொல்லலாம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டுமா என்று மற்றவர்கள் சொல்லுங்கள்.

இந்தச் சொல் தானியேலோடு நின்றுவிடாது. யூத மறை ஆசிரியர்களான ரபிகளின் "அல் திக்ரே" ("இப்படிப் படிக்காதே, அப்படிப் படி") முறைக்கும் இதுவே பொருந்தும். ஏசாயா 54:13-இல் "பானாயிக்", உன் பிள்ளைகள், என்றிருப்பதை "போனாயிக்", உன்னைக் கட்டுகிறவர்கள், என்று படிக்கச் சொல்கிறது தல்மூத். எழுத்து ஒன்றும் மாறவில்லை. அச்சு அசலான உயிர்பெயர்ப்பு.

> உயிர் பெயர்ந்தது என்றால் செத்துப்போனது என்று ஆகாதா?

இப்படி யாராவது கேட்பார்கள் என்று தெரியும், அதனால் நானே கேட்டுவிட்டேன். சேர்த்து எழுதினால் ஆகாது. பிரித்து எழுதினாலும், பெல்ஷாத்சார் அன்று இராத்திரியே கொல்லப்பட்டான் என்பதால் இந்த அதிகாரத்துக்கு மட்டும் நான் தகராறு செய்யமாட்டேன்.