மறு: நெஞ்சுவலி காட்டாத இதயக் கோளாறு – என்ன பெயர் வைக்கலாம்?

> ‘மௌன மாரடைப்பு’ என்றே இருக்கட்டுமே, மக்களுக்குப் பழகிவிட்டது.

வணக்கம். எனக்கு இதில் உடன்பாடில்லை. மாரடைப்பில் இதயத் தசை செத்துப்போகிறது. நாம் பெயர் தேடுவது, டிரெட்மில்லில் நடக்கும்போது தசைக்குப் போதிய இரத்தம் கிடைக்காமல், ஓய்வெடுத்ததும் சரியாகிவிடும் நிலைக்கு; ஆங்கிலத்தில் ‘சைலண்ட் இஸ்கீமியா’ (silent ischemia). அறிக்கையில் ‘மாரடைப்பு’ என்று கண்டால் எழுபது வயதுக்காரர் கலங்கிப்போவார்.

சோதனை அறையில் நடப்பதைப் பாருங்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பட்டையின் வேகமும் ஏற்றமும் கூடுகின்றன. பெரியவர் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே நடக்கிறார். இசிஜியிலோ எஸ்டி பகுதி என்னும் கோட்டுத் துண்டு ஒரு மில்லிமீட்டர் இறங்கிக் கிடையாக நிற்கிறது; தசைக்கு இரத்தம் போதவில்லை என்பதன் அடையாளம் அது. இரத்தம் குறைந்ததும் முதலில் தசை தளர்வது கெடும், அப்புறம் சுருங்குவது, பிறகுதான் இசிஜி மாற்றம். வலி வந்தால் கடைசியில் வரும்; சர்க்கரை நோயில் நரம்பு கெட்டவர்களுக்கு வராமலே போகலாம்.

இது அபூர்வமும் அல்ல. அமெரிக்காவின் பால்டிமோர் முதுமை ஆய்வில், இதய நோய் அறிகுறி இல்லாத 407 பேருக்கு டிரெட்மில் இசிஜியும், இதயத் தசைக்கு இரத்தம் போவதைப் படமாகக் காட்டும் தாலியம் ஸ்கேனும் எடுத்தார்கள். 1990-இல் வெளியான முடிவின்படி, இரண்டிலும் கோளாறு தெரிந்தவர்கள் நாற்பது, ஐம்பதுகளில் 2 சதவீதம், எண்பதுகளில் 15 சதவீதம்.

இனி சொல்லுக்கு வருவோம். ‘இரத்தக்குறை’ என்றால் இரத்தசோகையோடு குழம்பும். ‘இஸ்கீமியா’வுக்கு ஏற்கெனவே புழங்கும் ‘குருதியூட்டக்குறை’யையே வைத்துக்கொள்ளலாம். முன்னே வரும் அடைமொழிதான் சிக்கல். ‘ஊமை’ ஒத்துவராது: ஊமைக்காயம் வெளியே தெரியாது, உள்ளே வலி உயிர்போகும், நம் கதை நேர் எதிர். ‘வலியிலா’ என்பதும் போதாது. வயதானவர்களுக்கு வலிக்குப் பதில் மூச்சு வாங்கும். அதுவும் அறிகுறிதான், அதை இந்தப் பெயருக்குள் நுழையவிட்டால் நோயாளிக்குத்தான் ஆபத்து. ‘அறிகுறியற்ற’ கிட்டத்தட்டச் சரி. ஆனால் அது நோயாளியைக் குறிப்பதாகவே படிக்கிறோம். ஒரே ஆளுக்கு ஒருநாள் நெஞ்சுவலியோடும் இன்னொரு நாள் ஒன்றுமே தெரியாமலும் வரலாம். பெயர் அந்த நிகழ்வின்மேல் உட்கார வேண்டும்.

என் பரிந்துரை: உணராக் குருதியூட்டக்குறை. பேச்சில் ‘உணராக்குறை’ என்று சுருக்கிக்கொள்ளலாம். “குறையா உணரவில்லை, ஆள்தானே உணரவில்லை?” என்று யாராவது கேட்கலாம். கடித்தது எதுவென்று காணாத கடியைக் ‘காணாக்கடி’ என்கிறோம்; அதில் காணாமல் போனது கடியா? கடிபட்டவர்தானே காணவில்லை! தமிழில் இந்த அமைப்பு நன்றாகவே நிற்கிறது.

இந்த டிரெட்மில் சோதனையின் பெயரையும் முடிவு செய்ய வேண்டும். ‘உடற்பயிற்சிச் சோதனை’ என்றால் பலம் பார்ப்பதாகத் தோன்றுகிறது. ‘உழைப்புச் சோதனை’ எனக்குப் பிடித்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியில் இருப்பவர்கள் அங்கே வார்டில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.