பின்தொடை பிடிப்புக்கு ஏற்காடு மலை ஓட்டம் உதவுமா?

சூரமங்கலம் ஸ்டாப்பர்:
வணக்கங்க. டோர்னமென்ட் வந்தாலே எங்க ஃபுட்பால் டீம்ல யாருக்காவது பின்தொடை பிடிச்சுக்குது. ஸ்பிரே அடிச்சு ஆட வெக்கறோம். அடிவாரத்துல இருந்து ஏற்காடு ரோட்ல மேல ஓடினா தொடை இரும்பாயிடும்ங்கறார் கோச். பெரிய கிளப்ல பிசியோ வெச்சிருக்காங்களே, அடிபட்ட பிறகுதானே அவங்களுக்கு வேலை?

அஸ்தம்பட்டி பிசியோ:
தம்பி, அடிபட்ட பிறகு நடக்கறதுதான் டிவில தெரியுது. பாதி வேலை அதுக்கு முன்னாடியே நடக்கும். மேட்ச்சுக்கு மறுநாள் ஒவ்வொருத்தரோட பின்தொடை, கவட்டை பலத்தை அளப்பாங்க. வழக்கத்தை விடக் குறைஞ்சிருந்தா அன்னிக்கு ஓட்டத்தைக் குறைக்கச் சொல்லி கோச்சோட மல்லுக்கு நிப்பாங்க.

மலை ஓட்டம் மூச்சுக்கு நல்லது, வேண்டாம்னு சொல்லலை. ஆனா பின்தொடை பெரும்பாலும் கிழியறது சமதரையில முழு வேகத்துல ஓடறப்ப, வீசின கால் தரையைத் தொடப் போற நொடியில. அப்ப தசை நீண்டுகிட்டே இழுத்துப் பிடிக்குது. மேடு ஏறும்போது வேகமும் கம்மி, எடுத்து வெக்கற அடியும் சின்னது. அந்தப் பழக்கமே தசைக்குக் கிடைக்காது. அதனால வாரம் ஒரு தடவையாவது கிரவுண்ட்ல கிட்டத்தட்ட முழு வேகத்துல சில ஓட்டம் ஓடணும்.

கூடவே நார்டிக்னு ஒரு பின்தொடைப் பயிற்சி. முட்டி போடுங்க, ஒருத்தர் கணுக்காலை அமுக்கிப் பிடிக்கட்டும். இடுப்பு மடங்காம மெதுவா முன்னாடி சாயணும், தாங்காத இடத்துல கையை ஊனிக்கலாம். இதை ஒழுங்கா செஞ்ச டீம்கள்ல பின்தொடைக் காயம் பாதியா குறைஞ்சிருக்கு. ஆனா ஐரோப்பாவுல பெரிய கிளப்களே இதை முழுசா செய்யறதில்லை. 2001-02ல மொத்தக் காயத்துல 12 சதவீதமா இருந்த பின்தொடைக் காயம், 2021-22ல 24 சதவீதம் ஆயிடுச்சு. காசு இருந்தும் இப்படி!

ஸ்பிரே பத்தி: குளிர்ல வலி மறக்கும், கிழிஞ்ச தசை ஒட்டாது. ஒரு தடவை கிழிஞ்சவனுக்குத்தான் மறுபடி கிழியும்.

நாகலூர் கீப்பர்:
அண்ணா, நார்டிக் செஞ்சு மறுநாள் குனிஞ்சு செருப்பு மாட்ட முடியலை. எங்க பசங்க யாரும் திரும்ப அந்தப் பக்கமே வரலை.

அஸ்தம்பட்டி பிசியோ:
முதல் நாளே பத்து பதினஞ்சு போட்டிருப்பீங்க! ஃபிஃபா 11+ங்கற காயத் தடுப்பு வார்ம் அப்ல ஆரம்பமே 3 முதல் 5 தடவைதான். மொத்த வார்ம் அப்பும் 20 நிமிஷம், வாரம் ரெண்டு தடவையாவது செய்யணும். ரெண்டு மூணு வாரத்துல அந்த வலி பழகிடும். ஞாயித்துக்கிழமை மேட்ச்னா நார்டிக்கைச் செவ்வாய், புதன்ல முடிச்சிருங்க, சனிக்கிழமை தொடவே வேண்டாம்.

சூரமங்கலம் ஸ்டாப்பர்:
சரிங்கண்ணா. ஆனா மலை ஓட்டத்தை நிறுத்தணும்னு கோச்கிட்ட யாரு சொல்றது?

அஸ்தம்பட்டி பிசியோ:
நிறுத்தச் சொல்லாதீங்க, கோவிச்சுக்குவார். சீசன் இல்லாத மாசத்துக்குத் தள்ளி வெக்கச் சொல்லுங்க. எறங்கறப்ப மட்டும் பஸ்ல வாங்க, இறக்கத்துல ஓடினா முன்தொடை பிடிச்சுக்கும்.