புதுப்பிப்பு: பச்சை கூலன்ட்டில் பிங்க் கலந்த கார், சரியாகிவிட்டது

என் கார் சூடேறுவதைப் பற்றி இங்கே கேட்டபோது வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. பச்சை கூலன்ட் (எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம்) இருந்த ரிசர்வ் டேங்கில் பிங்க் ஊற்றியதால் பழுப்புக் கசடு சேர்ந்து, கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் டெம்பரேச்சர் முள் ஏறியது. அதுதான் பிரச்சினை.

"டாப்-அப் வேண்டாம், முழுசா ஃப்ளஷ் பண்ணுங்க" என்ற யோசனைதான் பலித்தது. எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் அடிப்பிளக்கைத் திறந்து வடித்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஹோஸ் சூடாகும்வரை ஓட்டி, ஆறவிட்டு மறுபடி வடித்தது. மூன்று தடவைக்குப் பிறகே தண்ணீர் தெளிந்தது. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம்ம ஊர் உப்புக்கு உள்ளே உப்புப் படிவு சேரும்.

கவனிக்க வேண்டியது அளவு. என் காரில் மொத்தம் 5 லிட்டர் பிடிக்கும், ஆனால் வடிவது 3 லிட்டர்தான். மீதி 2 லிட்டர் வெறும் தண்ணீர் எஞ்சின் பிளாக்கிலேயே நிற்கும். ரெடி-மிக்ஸ் (ஏற்கெனவே தண்ணீர் கலந்த கூலன்ட்) ஊற்றினால் நீர்த்துவிடும். அதனால் கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்) 2.5 லிட்டர், டிஸ்டில்டு வாட்டர் அரை லிட்டர். பாதிக்குப் பாதி ஆயிற்று. வகையை மேனுவல் பார்த்து வாங்கியது. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நம்பக் கூடாது.

எதிர்பாராதது: ஃப்ளஷ் முடிந்தும் முள் ஏறியது. கசடு ஒட்டி தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) பாதிதான் திறந்தது, வெந்நீரில் போட்டதும் தெரிந்துவிட்டது. கேஸ்கெட்டோடு புதுசு மாட்டி, காற்று வெளியேற்றி, ஏசி போட்டுத் திருமங்கலம் வரை போய்வந்தும் முள் நடுவிலேயே நின்றது.

வடித்த கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் மாடும் குடித்தால் செத்துவிடும்.